கிரிப்டோ வாலட்: உருவாக்கி, அழித்து, மீட்டுப் பார்த்த பிறகே பணம்

வாலட்டுக்குள் நாணயம் எதுவும் இருப்பதில்லை. யாரிடம் எவ்வளவு என்ற கணக்கு முழுவதும் பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கிறது. அதிலிருந்து செலவழிக்கக் கையெழுத்துப் போடும் பிரைவேட் கீ என்ற ரகசியச் சாவி மட்டும்தான் வாலட்டில் இருக்கிறது. கீ யாரிடமோ, நாணயம் அவருடையது. மறந்துவிட்டேன் என்று போய் நிற்க அலுவலகம் கிடையாது. தவறாகப் போனதைத் திருப்பி வாங்கவும் வழி கிடையாது.

புதியவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுக்கி விழுகிறார்கள். செயலியை இறக்கி, கீயை மீட்பதற்காக அது தரும் சொற்களை அவசரமாக எங்கோ குறித்து, உடனே பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். குறித்தது சரியா என்று ஃபோன் உடைந்த பிறகு பார்க்கிறார்கள். இந்த வழிகாட்டியில் பணம் எட்டாவது படியில்தான் வருகிறது.

## 1. முதலில் தீர்மானிக்க வேண்டியவை

எந்த நாணயம் என்பது முதல் கேள்வி. பிட்காயின் மட்டும் என்றால் ஸ்பாரோ, எலெக்ட்ரம் போன்றவை பொருந்தும். எத்தேரியமும் அதன்மேல் ஓடும் டோக்கன்களும் என்றால் மெட்டாமாஸ்க், ராபி போன்றவை. செயலியைத் தேர்ந்த பிறகு நாணயத்தைத் தேடினால், அந்த நாணயம் ஓடும் நெட்வொர்க்கைச் செயலி ஆதரிக்கவில்லை என்பது பணம் போன பிறகே தெரியும்.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு. இணையத்தோடு எப்போதும் இணைந்திருக்கும் ஃபோனிலும் பிரவுசரிலும் உள்ள வாலட்டில், தொலைந்தால் தாங்கக்கூடிய தொகையை மட்டும் வையுங்கள். அதற்கு மேல் போனால் லெட்ஜர், ட்ரெஸர், பிட்பாக்ஸ் போன்ற ஹார்டுவேர் வாலட் என்ற தனிச் சாதனம் தேவை. அதில் கீ சாதனத்தை விட்டு வெளியே வராது. கணினியில் வைரஸ் இருந்தாலும், சாதனத்தின் பொத்தானை நீங்கள் அழுத்தாமல் கையெழுத்து விழாது.

## 2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

தடித்த காகிதம் இரண்டு, நீரில் கரையாத மை உள்ள பேனா, அப்டேட் முடித்த கணினி அல்லது ஃபோன், யாரும் குறுக்கிடாத ஒன்றிரண்டு மணி நேரம். அறையில் கண்காணிப்பு கேமரா இருந்தால் வேறு அறைக்குப் போங்கள்.

ஹார்டுவேர் வாலட்டை உற்பத்தியாளரின் தளத்திலோ, அவர்கள் தம் தளத்தில் பட்டியலிட்டிருக்கும் விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியது வேண்டாம். பெட்டிக்குள் 24 சொற்கள் அச்சிட்ட அட்டையோ, இதுதான் உங்கள் பின் எண் என்ற சீட்டோ வந்தால் அது மோசடி. அந்தச் சொற்கள் விற்றவனிடமும் இருக்கின்றன. சரியான சாதனம் காலியாக வரும், சொற்களை உங்கள் கண் முன்னால் தானே உருவாக்கும்.

## 3. மென்பொருளை இறக்குதல்

தேடுபொறியில் பெயரை அடித்து முதலில் வருவதைத் தட்டாதீர்கள். முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், விளம்பரத்துக்குப் பின்னால் அச்சு அசலான போலித் தளம் இருக்கலாம். தள முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்து, ஆப் ஸ்டோருக்குப் போகும் இணைப்பை அந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். செயலிக் கடைகளிலும் போலி வாலட்கள் வந்திருக்கின்றன. நட்சத்திரங்களையும் விமர்சனங்களையும் விலைக்கு வாங்கலாம்.

கணினியில் நிறுவும் மென்பொருளுக்கு டிஜிட்டல் கையெழுத்தையும் சரிபாருங்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் என்ற குறியீட்டை மட்டும் ஒப்பிட்டால், இறக்கும்போது கோப்பு கெடவில்லை என்பது தெரியும், அவ்வளவுதான். தளத்தையே கைப்பற்றியவன் ஹேஷையும் மாற்றியிருப்பான். டெவலப்பர் தன் ரகசியக் கீயால் போடும் பிஜிபி என்ற டிஜிட்டல் கையெழுத்தை அவனால் போட முடியாது. அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் பிஜிபி கீயின் ரேகை எண்ணை (ஃபிங்கர்பிரின்ட்) அதே தளத்திலிருந்து எடுக்காமல் வேறோர் இடத்தில் பார்த்து ஒப்பிடுங்கள்.

## 4. சாதனத்தைத் தயார்படுத்துதல்

ஹார்டுவேர் வாலட் என்றால் முதல் வேலை ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட். சொற்களை உருவாக்குவதற்கு முன்பே செய்ய வேண்டும், ஏனென்றால் சில அப்டேட்கள் சாதனத்தைத் துடைத்துவிடும். காலியாக இருக்கும்போது துடைத்தால் நஷ்டமில்லை. சாதனம் அசல்தானா என்று உற்பத்தியாளரின் செயலி செய்யும் சோதனையும் இந்த நேரத்தில் முடிந்துவிடும்.

பிறகு பின் எண். பிறந்த ஆண்டு, 1234 போன்றவை வேண்டாம். லெட்ஜரில் மூன்று முறை தவறாக இட்டால் சாதனம் தானே அழிந்துவிடும். மற்றவற்றுக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு. சொற்கள் கையில் இருந்தால் அது பெரிய விஷயமில்லை, இல்லாவிட்டால் எல்லாம் போயிற்று.

பின் எண்ணும், மெட்டாமாஸ்க் போன்றவற்றின் பாஸ்வேர்டும், அந்த ஒரு சாதனத்தைத்தான் பூட்டுகின்றன. சொற்களை எடுத்தவனுக்கு இரண்டும் தேவையே இல்லை. பாஸ்வேர்டு 30 எழுத்து வைத்திருக்கிறேன், சொற்களை மெயிலில் போட்டிருக்கிறேன் என்பது கதவை மூன்று பூட்டுப் போட்டுவிட்டுச் சுவரை இடித்து வைத்தது போல.

## 5. சொற்களை உருவாக்கி எழுதுதல்

வாலட் தரும் 12 அல்லது 24 சொற்களைத்தான் சீட் ஃப்ரேஸ் என்கிறோம். பெரும்பாலான வாலட்கள் பிஐபி-39 என்ற தரத்தின்படி 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து இவற்றை எடுக்கின்றன. 12 சொற்களில் 128 பிட், 24 சொற்களில் 256 பிட் தற்செயல்தன்மை இருக்கிறது. 128 பிட்டையே எந்தக் கணினியாலும் ஊகிக்க முடியாது. ஆகவே 12 போதுமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சொற்கள் திருடப்படுவது வழக்கமாக மேகக் கணக்கில் (கிளவுட் சேமிப்பில்) கிடக்கும் புகைப்படத்திலிருந்து.

எழுதும்போது:

- ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் எண் போடுங்கள். வரிசை மாறினால் வேறு வாலட், அல்லது வாலட்டே இல்லை.
- தனித்தனி எழுத்தாக எழுதுங்கள், கூட்டெழுத்து வேண்டாம். பட்டியலில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காது. எனவே முதல் நான்கு தெளிவாக இருந்தாலே சொல்லைக் கண்டுபிடித்துவிடலாம்.
- சொற்களை நீங்களே தேர்ந்தெடுக்காதீர்கள். மனிதர் தற்செயலாக எடுக்கும் சொல் தற்செயலானதாக இருப்பதில்லை.
- ஸ்கிரீன்ஷாட், கேமரா, பிரிண்டர், நோட்ஸ் செயலி, தனக்கே அனுப்பிய செய்தி, எதுவும் கூடாது. ஃபோன் எடுத்த படம் உங்களைக் கேட்காமலே மேகத்துக்கு ஏறிவிடும்.

அதே தாளில், சொற்களுக்குக் கீழே, வாலட்டின் பெயர், உருவாக்கிய தேதி, எந்தத் தரம் என்பவற்றையும் குறியுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எலெக்ட்ரம் தரும் 12 சொற்கள் பார்வைக்கு பிஐபி-39 போலவே இருக்கும், ஆனால் அமைப்பு வேறு. வேறு வாலட்டில் இட்டால் பெரும்பாலும் ஏற்காது. மோனேரோவின் வழக்கமான சீட் 25 சொற்கள் கொண்டது, பட்டியலும் தனி. பல ஆண்டுகள் கழித்து வெறும் 12 சொற்களைப் பார்த்து இது எதனுடையது என்று யோசிக்கிற நிலை வரக்கூடாது.

## 6. அழித்து மீட்டுப் பார்த்தல்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். மற்றவற்றில் எதையாவது சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

முதலில் வாலட்டில் பணம் பெறும் முதல் முகவரியைத் திறந்து தனித் தாளில் குறியுங்கள். முகவரி ரகசியமல்ல, இதை மட்டும் நகலெடுத்துக் கணினியில் வைத்தாலும் பரவாயில்லை. ஸ்பாரோ போன்ற பிட்காயின் வாலட்கள் மாஸ்டர் ஃபிங்கர்பிரின்ட் என்று எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றைக் காட்டும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஹார்டுவேர் வாலட்டை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ஃபோன் வாலட் என்றால் செயலியை நீக்கி மறுபடி நிறுவுங்கள். பிரவுசர் நீட்சி என்றால் புதிய பிரவுசர் புரொஃபைல் ஒன்றில் நிறுவினால் போதும். இப்போது தாளைப் பார்த்து மட்டும் சொற்களை உள்ளிடுங்கள். நினைவிலிருந்து உதவாதீர்கள், சோதனை தாளில் நீங்கள் எழுதியதற்குத்தான். ஹார்டுவேர் வாலட்டின் சொற்களைச் சாதனத்திலேயே உள்ளிட வேண்டும், கணினி விசைப்பலகையில் ஒருபோதும் கூடாது.

வாலட் சொற்களை ஏற்றுக்கொண்டது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கடைசிச் சொல்லில் பிழையைக் காட்டிக்கொடுக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு ஒளிந்திருக்கிறது, ஆனால் அது பலவீனமான காவல். 12 சொற்களில் ஒன்றை வேறொரு பட்டியல் சொல்லாக மாற்றி எழுதியிருந்தால், அது செக்சத்தைத் தாண்டிவிட 16-இல் ஒரு வாய்ப்பு உண்டு. 24 சொற்களில் 256-இல் ஒன்று. தாண்டிவிட்டால் பிழைச்செய்தி வராது, வேறொரு காலி வாலட் திறக்கும். முதல் முகவரி நீங்கள் குறித்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவது ஒன்றே ஆதாரம்.

முகவரி பொருந்தவில்லை என்றால் உடனே பதற வேண்டாம். முதலில் டெரிவேஷன் பாத்தை, அதாவது சொற்களிலிருந்து முகவரிகளை உருவாக்கும் பாதையை, பாருங்கள். ஒரே சொற்களிலிருந்து பிட்காயின் வாலட் நான்கு விதமான முகவரிகளை உருவாக்கலாம்: 1-இல் தொடங்குபவை பாதை எண் 44, 3-இல் தொடங்குபவை 49, பி-சி-1-க்யூ என்று தொடங்குபவை 84, பி-சி-1-பி என்று தொடங்குபவை 86. வாலட் தவறான பாதையைத் தேர்ந்தால் கையிருப்பு பூஜ்யம் என்று காட்டும். எத்தேரியத்திலும் இப்படி ஒன்று உண்டு: மெட்டாமாஸ்க்கும் லெட்ஜர் நிறுவனத்தின் செயலியும் உருவாக்கும் முதல் கணக்கு ஒன்றாக இருக்கும், இரண்டாவது கணக்கு ஒத்துப்போகாது. பணம் போய்விட்டது என்று அழும் பல சமயங்களில் விஷயம் இவ்வளவுதான். எந்தப் பாதை என்பதையும் தாளில் சேர்த்துவிடுங்கள்.

பாதையும் சரி, முகவரி மட்டும் வேறு என்றால் தாளில் பிழை இருக்கிறது. வாலட்டில் இன்னும் எதுவும் இல்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

## 7. காப்பை உறுதியாக்குதல்

காகிதம் எரியும், ஊறும், கறையான் தின்னும். தொகை பெரிதாகப் போகிறது என்றால் சொற்களைத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் எழுத்தச்சால் அடித்து வையுங்கள். அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், வீடு பற்றி எரிந்தால் அந்தச் சூடு வரலாம். எஃகு உருக 1,400 டிகிரி அளவுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்துகளை அடித்தாலே போதும்.

இரண்டு பிரதிகள், இரண்டு கட்டடங்கள். ஒரே அலமாரியில் இரண்டையும் வைத்தால் ஒரே தீயில் இரண்டும் போகும். நான்கைந்து பிரதிகள் போடுவதும் தவறு. ஒவ்வொன்றும் திருடனுக்கு ஒரு வாசல்.

சொற்களைப் பிரித்து வைக்கும் தந்திரம் பலருக்குத் தோன்றும்: மூன்று அட்டைகள், ஒவ்வொன்றிலும் 12-இல் எட்டுச் சொற்கள், எந்த இரண்டைச் சேர்த்தாலும் முழுமை. கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குதான் உதைக்கிறது. ஒரே அட்டை கிடைத்தவனுக்குத் தெரியாதவை நான்கே சொற்கள். செக்சம் கழித்தால் சுமார் 1.1 லட்சம் கோடி சாத்தியங்கள், கிராஃபிக்ஸ் கார்டுகளை ஓட்டிச் சோதித்து முடிக்கக்கூடிய எண். உண்மையாகவே பிரிக்க வேண்டுமென்றால், மூன்று கீகளில் இரண்டு கையெழுத்து தேவைப்படும் மல்டிசிக் முறையையோ, ரகசியத்தைப் பங்குகளாகப் பிரித்து, குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்தால் மட்டும் மீட்கும், ட்ரெஸரில் உள்ள ஷமிர் காப்பையோ பயன்படுத்துங்கள். மல்டிசிக்கில் சொற்களோடு மூன்று கீகளின் எக்ஸ்பப் (முகவரிகளை உருவாக்கத் தேவைப்படும் பொதுக் கீ) விவரங்களையும் காப்பெடுக்க வேண்டும். ஒரு கீ தொலைந்து, அதன் எக்ஸ்பப்பும் இல்லாவிட்டால், மீதி இரண்டு கீகள் இருந்தும் எடுக்க முடியாது.

பாஸ்ஃப்ரேஸ் என்ற கூடுதல் ரகசியம் பற்றியும் சொல்ல வேண்டும். 25-வது சொல் என்பார்கள். சொற்களைத் திருடியவனால் இது இல்லாமல் பணத்தைத் தொட முடியாது, நல்ல காவல்தான். சிக்கல் என்னவென்றால் தவறான பாஸ்ஃப்ரேஸ் என்று ஒன்று கிடையாது. எதை அடித்தாலும் ஒரு வாலட் திறக்கும். ஓர் இடைவெளி கூடினாலும், ஒரு பெரிய எழுத்து சிறியதானாலும் காலி வாலட் வரும், பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள். முதல் வாலட்டுக்கு இது வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. வைக்கத்தான் வேண்டும் என்றால் அதையும் எழுதி, சொற்கள் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் வைத்து, ஆறாம் படியை அதோடு சேர்த்து மீண்டும் செய்யுங்கள்.

## 8. முதல் பணத்தைப் பெறுதல்

முதலில் சிறு தொகை. அது வந்து சேர்ந்த பிறகு, அதிலேயே ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியும் பாருங்கள். வருவது மட்டும் சரியாக இருந்தால் போதாது, வெளியே அனுப்ப முடிகிறதா என்பதும் தெரிய வேண்டும்.

முகவரியைக் கையால் அடிக்காதீர்கள்; நகலெடுத்து ஒட்டுங்கள், ஒட்டிய பிறகு படியுங்கள். கிளிப்போர்டில் முகவரி தென்பட்டதும் அதைத் தன் முகவரியாக மாற்றிவிடும் மால்வேர் உண்டு. ஹார்டுவேர் வாலட் என்றால் கணினி காட்டுவதை விடச் சாதனத்தின் திரை காட்டுவதையே நம்புங்கள். இரண்டும் வேறாக இருந்தால் கணினிதான் பொய் சொல்கிறது.

அடுத்த பொறி நெட்வொர்க், அதாவது வலை. யூஎஸ்டிடி என்ற ஒரே டோக்கன் எத்தேரியத்தில் இஆர்சி-20 ஆகவும் டிரானில் டிஆர்சி-20 ஆகவும் இன்னும் பல வலைகளிலும் இருக்கிறது. நாணயம் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுக்கும்போது கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று வலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெறும் வாலட் எந்த வலை என்பதே கணக்கு. எத்தேரியம் போன்று இயங்கும் வலைகளுக்கிடையே மாறி வந்தால் கீ உங்களிடம் இருப்பதால் அந்த வலையை வாலட்டில் சேர்த்து எடுத்துவிடலாம். எக்ஸ்சேஞ்சின் முகவரிக்குத் தவறான வலையில் அனுப்பினால் கீ அவர்களிடம். திரும்பி வருமா என்பது அவர்கள் மனது. எக்ஸ்ஆர்பி போன்றவற்றை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது பணம் யார் கணக்குக்கு என்று காட்டும் டேக் எண்ணை விட்டுவிட்டாலும் இதே நிலைதான்.

கட்டணத்துக்கான நாணயமும் வாலட்டில் இருக்க வேண்டும். யூஎஸ்டிடி நிறைய இருந்தும், எத்தேரியத்தின் சொந்த நாணயமான ஈத்தர் இல்லாவிட்டால் அங்கே அதை அசைக்க முடியாது. டிரானில் டிஆர்எக்ஸ் வேண்டும். சோதனைத் தொகையோடு இதையும் கொஞ்சம் வாங்கி வையுங்கள்.

பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) சேரும், உங்கள் பரிவர்த்தனை இடம்பெற்ற பிளாக்கிலிருந்து ஒவ்வொன்றும் ஓர் உறுதிப்படுத்தல். பெரிய தொகைக்கு ஆறு உறுதிப்படுத்தல்கள் வரை காத்திருப்பது வழக்கம். வரவில்லையே என்று அதே தொகையை மறுபடி அனுப்பாதீர்கள், பிளாக்செயினைத் தேடிப் பார்க்க உதவும் பிளாக் எக்ஸ்புளோரர் தளத்தில் முகவரியை இட்டுப் பாருங்கள்.

## 9. கையெழுத்திடும் முன்

எத்தேரியம் வகை வாலட்களில் சொற்கள் திருடுபோகாமலே பணம் போகலாம். ஒரு தளம் உங்கள் டோக்கனைப் பயன்படுத்த அனுமதி கேட்கும்; பெரும்பாலும் வரம்பில்லாத அளவுக்கே கேட்கும். சரி என்று அழுத்தினால், அந்தத் தளத்தின் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் ஓடும் நிரல்) நாளைக்கோ அடுத்த ஆண்டோ முழுக் கையிருப்பையும் எடுக்கலாம். அளவு பெட்டியில் இப்போது தேவைப்படும் தொகையை மட்டும் இடுங்கள்.

தளத்தைத் துண்டித்துவிட்டேன் என்பதால் அனுமதி போய்விடாது. துண்டிப்பது உங்கள் பிரவுசரில், அனுமதி இருப்பது பிளாக்செயினில். அதை ரத்து செய்ய ஒரு பரிவர்த்தனையும் கட்டணமும் தேவை. எக்ஸ்புளோரர்களின் அனுமதிப் பக்கத்தில் செய்யலாம். கட்டணமே கேட்காத கையெழுத்து ஆபத்தில்லாதது என்ற எண்ணமும் தவறு. பரிவர்த்தனை இல்லாமலே அனுமதி தந்துவிடும் பெர்மிட் வகைக் கையெழுத்து ஒன்றே டோக்கனை எடுத்துச் செல்லப் போதும்.

சேமிப்பு வாலட்டை எந்தத் தளத்தோடும் இணைக்காதீர்கள். தளங்களுக்கென்று தனிச் சொற்களோடு இன்னொரு வாலட் வைத்து, தேவைப்படும்போது அதில் கொஞ்சம் போடுங்கள். ஹார்டுவேர் திரையில் புரியாத எண் வரிசை மட்டும் வந்தால் நிராகரித்துவிடுங்கள்.

அனுப்பும்போது பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியை எடுக்கும் பழக்கமும் வேண்டாம். நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியைப் போலவே முதல் நான்கும் கடைசி நான்கும் இருக்கும் போலி முகவரியை உருவாக்கி, பூஜ்யத் தொகையை உங்கள் பட்டியலில் விழவைப்பார்கள். நடுவிலும் சில எழுத்துகளை ஒப்பிடுங்கள்.

உதவி மையம் என்று சொல்லி யார் சொற்களைக் கேட்டாலும், வாலட்டைச் சரிபார்க்க ஒரு தளம் சொற்களைக் கேட்டாலும், அது திருட்டு. விதிவிலக்கு இல்லை.

## 10. ஏதாவது ஆகிவிட்டால்

சாதனம் உடைந்தது: புதியதில் சொற்களை இட்டு மீட்டால் முடிந்தது. சாதனம் திருடுபோனது: பின் எண் சில நாள் தாங்கும் என்று வைத்துக்கொண்டு, மீட்ட கையோடு புதிய சொற்களில் வாலட் ஒன்றை உருவாக்கி எல்லாவற்றையும் அங்கே மாற்றுங்கள்.

சொற்களை யாரோ பார்த்துவிட்டார்கள், அல்லது எங்கோ தட்டச்சு செய்துவிட்டீர்கள் என்றால் பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. அந்தச் சொற்களை இனிச் செல்லாதவையாக ஆக்க வழி கிடையாது. காலி செய்வது ஒன்றே வழி. முடிந்தால் வேறொரு சுத்தமான சாதனத்தில் புதிய வாலட்டை உருவாக்குங்கள், அதன் சொற்களை எழுதுங்கள், மதிப்பு அதிகமானதை முதலில் அனுப்புங்கள். ஏற்கெனவே ஈத்தர் காலியாகி டோக்கன் மட்டும் மிஞ்சியிருந்தால், கட்டணத்துக்கென்று அவசரமாக ஈத்தர் அனுப்பாதீர்கள். உள்ளே வருவதை நொடியில் உறிஞ்சும் நிரல் அந்த முகவரியைக் கவனித்துக்கொண்டிருக்கும், அனுப்பியதும் போகும்.

உங்களுக்கே ஏதாவது ஆகிவிட்டால் என்பதற்கும் ஒரு தாள் வேண்டும். அதில் சொற்கள் இருக்கக்கூடாது. எந்த வாலட், எந்த நாணயம், தகடு எங்கே, பாஸ்ஃப்ரேஸ் உண்டா, இருந்தால் எங்கே, யாரிடம் உதவி கேட்கலாம், யாரிடம் கேட்கவே கூடாது என்பவை போதும். வாலட்டை மாற்றும்போதெல்லாம் இந்தத் தாளையும் மாற்றி எழுதி, பழையதைக் கிழித்துவிடுங்கள்.